கூடையைச் சுமப்பவரே பேசட்டும்



விவிலியத்தில் உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயி வருகிறார். முதல் விளைச்சலைக் கூடையில் சுமந்து வந்து ஆசாரியர் முன் நிற்கிறார். ஆசாரியர் கூடையை வாங்கி வைக்கிறார். அதோடு அவர் வேலை முடிகிறது. முன்னோர் நாடோடியாக அலைந்ததையும் எகிப்தில் அடிமைப்பட்டதையும் விடுதலை பெற்றதையும் அந்த விவசாயியே தன் வாயால் சொல்கிறார். தலித் இறையியலின் முன்னோடி அரவிந்த் பி. நிர்மல் இந்தப் பகுதியைத்தான் தம் சிந்தனைக்கு அடித்தளமாக வைத்தார். சாதாரண விசுவாசிக்கு இறையியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் முதல் பதில் அந்த விவசாயி.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் கிறித்தவ இளைஞர்கள் பலர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு வாலிபர் கூட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளியான தம்பி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "கிறிஸ்துவுக்குள்ள சாதி இல்லன்னு பிரசங்கம் பண்றாங்க. பொண்ணு பாக்குறப்ப மட்டும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு ஏண்ணா கேக்குறாங்க?" ஜெபிப்போம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்குச் சட்டப் பக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே அத்தகுதியை வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர்; தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். கிறித்தவத்தில் சாதி இல்லையே, பிறகு ஏன் உரிமை என்கிறது அரசுத் தரப்பு வாதம். சபை மேடையும் சாதி இல்லை என்றே சொல்கிறது. நடுவில் சிக்கிக்கொள்கிறார் நம் இளைஞர். சாதி உண்டு என்றால் விசுவாசத்துக்குத் துரோகம் என்கிறார்கள். இல்லை என்றால் உரிமை போகிறது. நற்செய்தி சாதியை ஏற்பதில்லை, ஆனால் திருச்சபை அதைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவுக்கு விவிலியத்தை அதன் வரலாற்றோடு வாசிக்கவும், திருச்சபையின் வரலாற்றைக் கேள்வி கேட்கவும் பயிற்சி வேண்டும். இதையே நாம் இறையியல் கல்வி என்கிறோம்.

இந்தச் சிந்தனை பிறந்த இடம் நமக்குத் தொலைவில்லை. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்குள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981இல் நிர்மல் ஆற்றிய 'சூத்திர இறையியலை நோக்கி' என்ற உரையைத் தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதுகிறார்கள். சபையில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் தலித்துகள். இறையியலோ பார்ப்பனத் தத்துவ மொழியில் பேசுகிறது என்பது அவர் விமர்சனம். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு (1940–2005), நாட்டுப்புற இசையையும் பேச்சுத் தமிழையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாக விளக்கினார்.

வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர நம் பிள்ளைகளால் முடியாது. அதற்கும் வழி பிறந்திருக்கிறது. 1963இல் குவாத்தமாலாவில் விரிவாக்க இறையியல் கல்வி தொடங்கியது. வீட்டில் பாடப்புத்தகத்தைத் தாமே படித்து எழுதுவது, பிறகு குழுவாகக் கூடி வாழ்க்கையோடு ஒப்பிட்டு விவாதிப்பது என்பது அதன் முறை. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டி இந்தியாவில் அதை வளர்த்தது. செராம்பூர் செனட்டும் பொது விசுவாசிகளுக்காகக் கிறித்தவக் கல்விப் பட்டயமும் பட்டமும் வழங்குகிறது. ஷிப்ட் மாறி மாறி வரும் தொழிலாளிக்கு ஏற்ற முறை இது.

சான்றிதழ் வாங்கிச் சட்டகம் போட்டு மாட்டுவதோடு இது நின்றுவிடக் கூடாது. படித்தவர் சபைக் கமிட்டியில் கணக்கு கேட்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை ஏன் என்று கேட்க வேண்டும். விடுதியில் தங்கி மின்னணு ஆலைகளுக்குப் போகும் நம் தங்கைகளுக்கும் குழுவில் இடமும் பேச்சுரிமையும் வேண்டும்.

இந்த நினைவுநாளில் நாம் கேட்பது சிறிய காரியம்தான். எட்டுப் பேர், வாரம் ஒரு மாலை, யாராவது ஒருவருடைய அறை. முதல் பாடம் உபாகமம் 26. வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டி பட்டதைச் சொல்லட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.