ஆயிரம் கவருக்கு எதற்குச் சிலிண்டர்?

சத்துமாவோ இட்லிப் பொடியோ செய்து விற்கத் தொடங்குபவர்கள் பிரிண்டரிடம் முதலில் கேட்பது, "கவர் ஒன்று என்ன விலை?" என்பதைத்தான். கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், அதற்கு வரும் பதில் பலரையும் கடனில் கொண்டுபோய் விடுகிறது. கவர் மலிவாக வேண்டுமென்றால் ஏராளமாக அடிக்க வேண்டும். அடித்ததில் எவ்வளவு நிரப்பி விற்போம் என்பதை அந்த விலை சொல்லாது. விற்றுப்போன ஒவ்வொரு கவருக்கும் உண்மையில் என்ன செலவானது என்று பார்த்துத்தான் அச்சு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தேர்வு பெரும்பாலும் தலைகீழாக மாறிவிடும்.

கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் கவர்கள் பெரும்பாலும் கிராவ்யூர் முறையில் அச்சானவை. எஃகு உருளைக்குச் செம்பு பூசி, படத்தை நுண்ணிய குழிகளாகச் செதுக்கி, தேயாமலிருக்கக் குரோமியம் பூசுகிறார்கள். நிறத்துக்கு ஒரு சிலிண்டர். லட்சக்கணக்கில் ஓட்டினாலும் அச்சு மங்காது என்பதால் பெரிய நிறுவனங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சிலிண்டர் செலவு போக, நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை ஓடி வீணாகும் பிலிமும் இருக்கிறது. அதனால்தான் குறைந்தபட்ச ஆர்டரே நூற்றுக்கணக்கான கிலோ என்கிறார்கள். கவர் ஒன்று 6 கிராம் என்றால் 300 கிலோவில் 50,000 கவர் வரும். பாலிமர் பிளேட்டில் அடிக்கும் ஃப்ளெக்ஸோவில் முதல் செலவு குறைவு. ஆனாலும் நிறத்துக்கு ஒரு பிளேட் வேண்டும். டிஜிட்டலில் சிலிண்டரும் இல்லை, பிளேட்டும் இல்லை. கணினிக் கோப்பிலிருந்து நேராக பிலிமில் அச்சாகிறது. 2012இல் ஜெர்மனியின் துருபா கண்காட்சியில் ஹெச்.பி. இண்டிகோ 20000 அறிமுகமானபோது, அகலமான பேக்கேஜிங் பிலிமுக்கும் இந்த வசதி வந்தது. ஒரே ஓட்டத்தில் பத்து வகைப் பொடிக்குப் பத்து டிசைன் போடலாம்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 5 நிறம், சிலிண்டர் ஒன்று 6,000 ரூபாய். கிராவ்யூர் கவர் 3 ரூபாய், டிஜிட்டல் கவர் 9 ரூபாய். கிராவ்யூரில் 50,000 கவர் எடுக்க மொத்தம் 1,80,000 ரூபாய் ஆகும். 10,000 கவர் விற்ற நிலையில் டிசைனை மாற்ற நேர்ந்தால், விற்ற கவர் ஒவ்வொன்றும் 18 ரூபாய்க்கு வந்திருக்கிறது. அதே 10,000 டிஜிட்டலில் 90,000தான். இந்தக் கணக்கில் 20,000 கவர் விற்ற பிறகே கிராவ்யூர் முந்தும். மாதம் ஆயிரம் விற்பவர் அதற்கு இருபது மாதம் காத்திருக்க வேண்டும்.

டிசைன் எதற்கு மாறப்போகிறது என்று கேட்கலாம். வளரும் தொழிலில் அது மாறாமல் இருப்பதே அரிது. விற்றுமுதல் வரம்பைத் தாண்டி, உணவுப் பாதுகாப்புப் பதிவிலிருந்து உரிமத்துக்குப் போனால் கவரில் போடும் 14 இலக்க எண் மாறிவிடும். முகவரி மாறும், ருசிக்காக ஒரு பொருளைக் கூட்டினால் சேர்மானப் பட்டியல் மாறும். விதிகளும் நிற்பதில்லை: 2020இல் புதிய லேபிள் விதிமுறைகள் வந்தன, 2022இல் கிராமுக்கு என்ன விலை என்பதையும் போடச் சொன்னார்கள். மீந்த கவர் வெறும் பண நஷ்டத்தோடு முடிவதில்லை. பாலியெஸ்டரும் பாலித்தீனும் ஒட்டிய அந்த பிலிமைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். ஒரு கிராம் பொடியைக்கூடச் சுமக்காமல் அது குப்பையாகிறது.

ஆகவே முதல் சில நூறு, ஆயிரம் பாக்கெட்டுகளுக்கு, ரெடிமேடாகக் கிடைக்கும் வெற்று ஜிப் பவுச்சும் நல்ல ஸ்டிக்கரும் போதும் என்பேன். ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டமாகத் தெரியும் என்ற தயக்கம் புரிகிறது. எண்ணெய் பட்டுச் சுருண்ட காகித ஸ்டிக்கர் அந்தப் பெயரை வாங்கித் தந்துவிட்டது. பிளாஸ்டிக் பிலிமில் அடித்த ஸ்டிக்கர் எண்ணெயையும் ஈரத்தையும் தாங்கும். பொடியின் மணத்தைக் காப்பது பவுச்சின் அடுக்குகள், அச்சு காப்பதில்லை. விற்பனை பிடித்ததும் டிஜிட்டலுக்குப் போகலாம். அதிலும் பிலிம் அடுக்குகளை ஒட்டும் லேமினேஷன் பசை உலர நாள் பிடிக்கும் என்பதால், பண்டிகைக்கு முந்தைய வாரம் ஆர்டர் கொடுத்துப் பயனில்லை.

சிலிண்டர் ஒருமுறைச் செலவுதானே, பல ஆண்டுக்கு வருமே என்பது வலுவான வாதம். ஒரே டிசைன் பலமுறை மறு ஆர்டர் ஆகியிருந்தால் நானும் கிராவ்யூரைத்தான் சொல்வேன். அப்போதும் மாறக்கூடிய எழுத்துகளை எல்லாம் கறுப்பு நிறத்தில் மட்டும் வைத்தால், மாற்றம் வரும்போது ஒரு சிலிண்டரை மட்டும் புதிதாகச் செதுக்கினால் போதும். எல்லா வகைக்கும் பொதுவான ஒரு கவரை அடித்து, பொருளின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதும் நடைமுறையில் உள்ளதே. பணம் கட்டுமுன், சிலிண்டர் யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது பிரிண்டரிடமே இருக்கும். இடம் மாற நினைத்தால், அடுத்தவர் மெஷினுக்கு அதன் அளவு பொருந்தாமலும் போகலாம்.