குப்பை வண்டி திரும்பிப் போகும் இடம்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வீதியில் வரும்போது லிந்துலைக் கடைத்தெரு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நகரம் தலவாக்கலை–லிந்துலை நகர சபையின் பொறுப்பு. கடை வாசலில் கட்டிவைத்த குப்பையைச் சபையின் வண்டி வந்து ஏற்றிப்போகும். கடைகளைத் தாண்டித் தேயிலை தொடங்கியதும் வண்டி திரும்பிவிடுகிறது. பம்பரகலை, தங்ககலை என்று மலை நெடுகத் தோட்டங்கள். அங்குள்ள தொழிலாளர் லயங்களிலும் ஆட்கள் சமைக்கிறார்கள், பிள்ளைகள் பிஸ்கட் தின்கிறார்கள், சம்பளத்தன்று சொப்பிங் பைகள் வீடு வந்து சேர்கின்றன. அந்தக் குப்பைக்கு யார் பொறுப்பு?

குப்பை விஷயத்தில் இலங்கைச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 118 முதல் 120 வரையான பிரிவுகளும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 93 முதல் 95 வரையான பிரிவுகளும் அதற்கென்றே உள்ளவை. வீதியைக் கூட்டுவதும், குப்பையை அகற்றுவதும், கொட்ட இடம் பார்ப்பதும் சபையின் கடமை. சேகரித்த குப்பை சபையின் சொத்து. உக்கும் குப்பையைப் பசளையாக்கி விற்று வருமானம் தேடவும் வழி உண்டு.

ஆனால் தோட்டங்களை உள்ளடக்கும் பிரதேச சபைகளுக்கான அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டம் கம்பனியின் இடம், உள்ளே நடப்பதைத் துரை பார்த்துக்கொள்வார் என்ற பழைய எண்ணத்தின் தொடர்ச்சி அது. 1937இல் கிராமச் சங்கத் தேர்தல்களில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமையே மறுக்கப்பட்டது. பின்னாளில் வாக்குக் கிடைத்தது, தோட்டத்து மக்கள் சபைக்கு உறுப்பினர்களைத் தெரிவுசெய்தார்கள். தெரிவானவர்களால் தங்களுக்கு வாக்களித்த லயத்துக்கு ஒரு கான் கட்டிக்கொடுக்க முடியவில்லை. நாடாளுமன்றத்தில் திலகராஜ் உள்ளிட்ட மலையக உறுப்பினர்கள் இதைத் தொடர்ந்து எழுப்பினார்கள். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியனவும் தனிச் சபைகளாக இயங்கத் தொடங்கின.

சட்டம் மாறிவிட்டது. லயத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால் மாற்றம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா வரிசையின் பின்னால் கான் ஓடுகிறது. மரக்கறித் தோலையும் சோற்று மிச்சத்தையும் பற்றிக் கவலையில்லை. பின்னாலுள்ள மரக்கறிப் பாத்திக்கு அது பசளை. பால்மா உறை, சவர்க்கார உறை, பிள்ளையின் பம்பர்ஸ், உடைந்த மின்குமிழ் – இவைதான் தங்குகின்றன. மழை விழுந்ததும் கான் அடைத்து, அழுக்குத் தண்ணீர் வாசல்படிக்கு ஏறுகிறது. வெயில் நாளில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள்.

நெருப்பு வைப்பது குற்றம். 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு, அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி மெல்லிய பொலித்தீனும், பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடைசெய்யப்பட்டன. நல்ல விதிதான். ஆனால் வண்டியே வராத லயத்தில் எரிக்காதே என்று மட்டும் சொன்னால், அந்தக் குடும்பம் பம்பர்ஸை எங்கே கொண்டுபோய்ப் போடும்? எடுத்துப்போக ஆள் அனுப்பாத விதி ஏழையைக் குற்றவாளியாக்குகிறது.

மிச்சம் ஆற்றுக்குப் போகிறது. மலைச் சரிவின் கான்களெல்லாம் கடைசியில் கொத்மலை ஓயாவைத் தேடுபவை. தலவாக்கலையில் அதை மறித்துக் கட்டிய மேல் கொத்மலை அணை 2012 முதல் 150 மெகாவாட் மின்நிலையத்துக்குத் தண்ணீர் தருகிறது. லயத்துக் கானில் போட்ட போத்தல் நாட்டின் மின்சாரத்துக்கும் உறவுக்காரன்.

சபைகளின் பக்கத்திலும் உண்மையான சிரமம் இருக்கிறது. வண்டி, டீசல், தொழிலாளர் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். தோட்டக் காணியிலிருந்து சபைக்கு வருவது ஏக்கர் வரி. பணத்தையும் விடப் பெரிய முடிச்சு நிலம். தோட்டக் காணி அரசினுடையது. ஆனால் 1990களில் 53 வருடக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் போய்விட்டது. பசளை முற்றத்துக்கு அரை ஏக்கர் வேண்டுமானாலும் சபை கம்பனியிடம் பேசியாக வேண்டும். இதற்கிடையில் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக முறையிட ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லாமல் மக்கள் நின்றார்கள்.

சபையின் இன்னொரு பொறுப்பான பூங்கா என்று வந்தாலும் இதே நில முடிச்சுத்தான். நுவரெலியா மாநகர சபை பராமரிக்கும் விக்டோரியா பூங்கா, 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை முன்னிட்டு அந்தப் பெயரைப் பெற்றது. வசந்த காலத்தில் அங்கே பூப்பார்க்க நாடே வருகிறது. அந்த மலைகளைப் பச்சையாக்கியவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்ட மைதானம் ஒன்றிருந்தால் பாக்கியம். இல்லையென்றால் லயத்து வாசலும் வீதியோரமும். நகர அபிவிருத்தி விதிகளில் ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. தனிவீடுகள் எழும்பும் தோட்டக் குடியிருப்புகளிலும் அதே அளவுகோல் வேண்டும். வீடுகள் நிரம்பிய பிறகு மைதானத்துக்கு இடம் தேடிப் பயனில்லை.

சபை உறுப்பினர் அல்லாதவர்களும் சபையின் குழுக்களில் அங்கம் வகிக்கப் பிரதேச சபைகள் சட்டம் இடம் தருகிறது. தோட்டத்து மாதர் சங்கத்திலிருந்தோ இளைஞர் கழகத்திலிருந்தோ ஒருவர் சுற்றாடல் குழுவில் உட்கார்ந்தால், வண்டி எந்த லயத்துக்கு எந்தக் கிழமை வரும், காலை வேலைப் பெரட்டுக்குப் போகுமுன் குப்பையை எந்தச் சந்தியில் வைக்க வேண்டும், பம்பர்ஸுக்கு என்ன வழி என்பதை அங்கேயே கேட்டு எழுதிவாங்கலாம். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் சபைக்கு வருகிறது. கேட்க வேண்டியதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.