பழைய ஜி.பி.எஸ். கருவிக்குக் கம்பியில்லா இணைப்பு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாட்டைத் தாக்கிய பின்னர், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் லயன் குடும்பங்களின் இருப்பிடங்களைக் குறித்தெடுக்கும் வேலையில் நாமும் பங்குகொண்டோம். கையில் இருந்தது பழைய ஜி.பி.எஸ். கருவி ஒன்று. அது காட்டிய எண்களைத் தொண்டர் ஒருவர் மழைக்குள் நின்று கொப்பியில் எழுதினார். மாலையில் இன்னொருவர் அவற்றைக் கணனியில் ஏற்றினார். வரைபடத்தை விரித்தபோது, ஒரு லயன் முழுவதும் ஓடைக்கு அப்பால், எதிர் மலையில் இருந்தது! நனைந்த தாளில் ஓர் எண் வேறோர் எண்ணாக வாசிக்கப்பட்டிருந்தது. அதே பட்டியலைப் பார்த்துத்தான் எந்த வீட்டாரை இடம்பெயரச் சொல்வது என்று தீர்மானிக்க இருந்தார்கள்.

எண்களைக் கையால் எழுதாமல், கருவியிலிருந்து நேரே கைத்தொலைபேசிக்கோ கணனிப் பலகைக்கோ அனுப்ப முடியாதா என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது. முடியும். செலவும் பெரிதல்ல. ஆனால் முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: உங்களிடம் அண்மைக்கால கைத்தொலைபேசி இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அதனுள் இருக்கும் ஏற்பி அமெரிக்க ஜி.பி.எஸ். செய்மதிகளோடு ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளையும் கேட்கிறது. மரநிழலிலும் பள்ளத்தாக்கிலும் அது பழைய கருவியைவிட நன்றாகவே வேலை செய்யும். கம்பியில்லா இணைப்பு பழைய கருவியைத் துல்லியமாக்குவதில்லை. எழுதிப் படிக்கும் பிழையை மட்டும் நீக்குகிறது. நன்கொடையாக வந்த, வைஃபை மட்டுமே உள்ள கணனிப் பலகைகளில் பெரும்பாலும் ஜி.பி.எஸ். ஏற்பி இருப்பதில்லை. அவற்றை வயலுக்குக் கொண்டு செல்பவர்களுக்கே இந்தக் கட்டுரை.

கார்மின் இட்ரெக்ஸ் போன்ற 2000ஆம் ஆண்டுக் காலக் கருவிகளின் பின்புறத்தில், ரப்பர் மூடியின் கீழ் நான்கு தொடுமுனைகள் உண்டு: மின்சாரம், தரை, தரவு வெளியே, தரவு உள்ளே. இவற்றில் நமக்கு வேண்டியவை தரையும் தரவு வெளியேயும் மாத்திரமே. மின்சார முனையைத் தொடவே வேண்டாம். அதற்கு எத்தனை வோல்ற்று கொடுக்கலாம் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். வாகனப் பற்றரியின் 12 வோல்ற்றைக் கொடுத்துக் கருவியை எரித்தவர்கள் உண்டு. பழைய கணனிக் கம்பி கிடைத்தால் வேலை இலகு. அதன் மறுமுனையிலுள்ள 9 துளைச் செருகியில் 2ஆவது தரவு, 5ஆவது தரை.

கருவியின் அமைப்புப் பக்கத்தில் இடைமுகம் என்ற பகுதியைத் திறந்து என்.எம்.இ.ஏ. என்பதைத் தெரிவு செய்யுங்கள். இது கப்பல் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென ஏற்பட்ட மொழி. அதன் 0183 என்னும் பதிப்பில் தரவு செக்கனுக்கு 4800 பிற் வேகத்தில், சாதாரண எழுத்து வரிகளாக வெளியே வருகிறது. அதை வானலையில் ஏற்ற எச்.சி.-06 என்ற சிறிய புளூடூத் பலகை போதும். 'புளூடூத் லோ எனர்ஜி' வகைப் பலகைகளைக் கடையில் காட்டினால் வாங்காதீர்கள்; அவை பேசும் முறை வேறு. எச்.சி.-06 ஆண்ட்ரொய்ட் கருவிகளோடு இணையும், ஐஃபோனோடு இணையாது.

ஜி.பி.எஸ். கருவியையும் இந்தப் பலகையையும் நேரடியாகப் பிணைக்கக் கூடாது. பழைய கணனிக் கம்பியில் வரும் சைகையின் மின்னழுத்தம் வேறு, அதன் போக்கும் தலைகீழ். இடையில் மாக்ஸ்-3232 என்ற மாற்றிப் பலகை வேண்டும். ஊசிகள் வெளியே நீட்டியிருக்கும் 9 முனைச் செருகி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். துளையுள்ளதை வாங்கினால் கார்மின் கம்பியின் துளைச் செருகியோடு சேராது. எமக்கு முதல்முறை நேர்ந்தது அதுதான். எல்லாம் சரியாக இருந்தும் தரவு வராவிட்டால் 2ஆம் 3ஆம் முனைகளை மாற்றிப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு மூன்று 'டபிள் ஏ' மின்கலங்கள் போதும், 4.5 வோல்ற்று கிடைக்கும். பவர் பேங்க் ஏன் கூடாது என்று கேட்கலாம். இணைப்பு ஏற்பட்ட பின் இந்தப் பலகை இழுக்கும் மின் மிகக் குறைவு. எதுவும் செருகப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தாமே அணைந்துவிடுகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மாற்றிப் பலகை 4.5 வோல்ற்றில் ஓடினால் அதன் வெளியீடும் ஏறக்குறைய அவ்வளவாக இருக்கும். புளூடூத் பலகையின் உள்வாங்கும் முனையோ 3.3 வோல்ற்றுக்கானது. ஆகவே மாற்றியின் வெளியீட்டிலிருந்து 1000 ஓம் தடை ஒன்றை அந்த முனைக்கும், அங்கிருந்து 2000 ஓம் தடை ஒன்றைத் தரைக்கும் சோல்டர் பிடித்துவிடுங்கள். அழுத்தம் மூன்றில் இரண்டாகி 3 வோல்ற்றில் நிற்கும்.

எச்.சி.-06 கடையிலிருந்து வரும்போது 9600 வேகத்தில் இருக்கும். அதைக் கணனியோடு இணைத்து, ஒரு வரிக் கட்டளையால் 4800 ஆக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் திரையில் புரியாத குறிகளே ஓடும். பின்பு ஆண்ட்ரொய்ட் கருவியில் புளூடூத்தைத் திறந்து, 1234 என்ற இரகசிய எண்ணைக் கொடுத்து இணையுங்கள். கியூஃபீல்ட் என்ற இலவச வரைபடச் செயலி இந்தத் தரவைத் தானே வாங்கிக்கொள்ளும். வேறு செயலிகளுக்கு ஊட்ட வேண்டுமானால், இடைத்தரகுச் செயலி ஒன்றை நிறுவி, மேம்பாட்டாளர் தெரிவுகளில் அதைப் போலி இருப்பிடச் செயலியாக நியமிக்க வேண்டும். 'போலி' என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். வேலை முடிந்ததும் அதை நீக்க மட்டும் மறக்கக் கூடாது.

கம்பி வேலை இவ்வளவுதான். ஆனால் எழுத்துப் பிழை போன இடத்தில் அதைவிடப் பெரிய பிழைகள் வந்து உட்காரலாம்.

முதலாவது, வரைபட ஆதாரம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் கண்டவல என்ற ஆதாரத்தைக் கொண்டவை. அவற்றோடு ஒப்பிடுவதற்காக யாராவது உங்கள் கருவியில் என்றோ ஒருநாள் கண்டவலவைத் தெரிவு செய்து வைத்திருக்கலாம். பழைய கார்மின் கருவிகள் தெரிவு செய்யப்பட்ட ஆதாரத்திலேயே என்.எம்.இ.ஏ. வரிகளையும் அனுப்புகின்றன. வாங்கும் செயலியோ வருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்றே நம்புகிறது. நம் நாட்டில் இவ்விரண்டுக்கும் இடையே 200 மீற்றருக்கு மேற்பட்ட கிழக்கு மேற்கு வித்தியாசம் உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் 1:10,000 அளவிலான மண்சரிவு அபாய வரைபடத்தில் அது 2 சென்ரிமீற்றருக்கும் அதிகம். அபாய வலயத்திலுள்ள வீடு பாதுகாப்பான நிலத்திலும், பாதுகாப்பான வீடு அபாய வலயத்திலும் விழ அது போதும். எனவே இணைக்கும் முன்பு கருவியை டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, பாகையும் கலையும். செயலி இல்லாமல் வரிகளை நேரே சேமித்து நாமே பிரித்தெடுக்கும்போது இது நேர்கிறது. தலதா மாளிகையின் அருகே நின்றால் 0717.6000, 08038.4000 என்ற மாதிரி வரும். இதன் பொருள் 7 பாகை 17.6 கலை வடக்கு, 80 பாகை 38.4 கலை கிழக்கு. தசமத்தில் 7.2933, 80.6400. இதை 7.176, 80.384 என்று வாசித்தால் 13 கிலோமீற்றர் தெற்கேயும் 28 கிலோமீற்றர் மேற்கேயும் போய்க் கேகாலை மாவட்டத்தில் நிற்போம்.

திகதியும் ஏமாற்றலாம். ஜி.பி.எஸ். செய்மதிகள் பழைய முறைச் செய்தியில் வாரங்களை 1024 வரையே எண்ணுகின்றன. 2019 ஏப்ரலில் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்துக்கு வந்தது. அதன் பின் சில பழைய கருவிகள் 19 ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கிய திகதியைக் காட்டுகின்றன. இடம் சரியாகவே இருக்கும். பதிவுகளுக்குத் திகதியைக் கையால் இடுங்கள்.

தோட்டங்களில் இந்தக் கருவியோடு போனால் மக்கள் சூழ்ந்துகொண்டு, "எங்கள் 7 பேர்ச்சையும் அளந்து தாருங்கள் ஃபாதர்" என்று கேட்பார்கள். மறுத்துவிட வேண்டும். 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர், அதாவது பக்கத்துக்கு 13 மீற்றர் அளவான துண்டு. 2000 மே மாதத்தில் அமெரிக்கா வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை நிறுத்திய பின்பும், இத்தகைய கருவி வெட்டவெளியில் 10 மீற்றர் அளவில்தான் சரி சொல்லும். அதை நம்பி முளை அடித்தால் அயல்வீட்டுக்காரரோடு சண்டைதான் மிஞ்சும். எல்லை குறிப்பது நில அளவையாளரின் வேலை. லயன் எந்தச் சரிவில் இருக்கிறது என்று சொல்ல மட்டுமே நம் கருவி உதவும்.

புறப்படும் நாளில், செய்மதிப் படத்தில் தெளிவாகத் தெரியும் இடமொன்றில், பாடசாலை மைதானத்தின் மூலை போன்றதொன்றில், ஐந்து நிமிடம் நின்று ஒரு புள்ளி எடுங்கள். அது படத்தில் 20 மீற்றருக்குள் விழாவிட்டால் மலை ஏற வேண்டாம். அமைப்புப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள். மாலையில் இறங்கும்போதும் அதே மூலையில் இன்னொரு புள்ளி எடுத்துவிட்டு வீடு செல்லுங்கள்.