தேன் மிட்டாயில் தேன் இல்லை! தெரியுமா?

பெட்டிக்கடை கண்ணாடி பாட்டிலுக்குள் இருந்த அந்தக் கமர்கட்டைத் தேடி ஊர் ஊராக அலையும் கட்சியா நீங்கள்? தாராளமாக அலையுங்கள்! ஆனால் போகிற வழியில் இதையும் படித்துவிட்டுப் போங்கள். கால் சட்டைப் பையில் பிசுபிசுத்த அந்த மிட்டாய்களுக்குள் எத்தனை கப்பல், எத்தனை கண்டம், எத்தனை விஞ்ஞானம் என்று அப்போது யாராவது சொன்னார்களா?

இட்லி மாவுக்குச் சொந்தக்காரன்!

தேன் மிட்டாய் எதில் செய்தது? தேனிலா? இல்லவே இல்லை! பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவு. ஆமாம், நம் வீட்டு இட்லி தோசைக்குப் போடும் அதே ஜோடி! அதில் சிவப்புக் கலரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்து, சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் கிள்ளிப் போடுகிறார்கள். பொரிந்ததும் சுடச்சுட சீனிப்பாகில் முக்கி எடுக்கிறார்கள். சோடாவால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும் அல்லவா? அந்த ஓட்டைகளில் பாகு போய் உட்கார்ந்துகொள்ளும். கடித்ததும் சட்டையில் பீச்சியடிப்பது அதுதான்!

பல்லி மிட்டாய்க்குள் என்ன?

ஒரே ஒரு சோம்பு! அதன்மேல் பாகைத் தெளித்து, உருட்டி, காயவிட்டு, மறுபடி தெளித்து, மறுபடி உருட்டி... அடுக்கடுக்காக ஏறியதுதான் அந்தக் கலர் முத்து.

கமர்கட் ஒரு கண்ணாடி!

நம்ப முடிகிறதா? வெல்லப்பாகோ சீனிப்பாகோ, 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால் அதிலுள்ள மூலக்கூறுகளுக்கு வரிசையாக அடுக்கி நிற்க நேரமே கிடைக்காது. தாறுமாறாக நின்றபடியே இறுகிவிடும். விஞ்ஞானிகள் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயரே கண்ணாடி நிலைதான்! சினிமா சண்டையில் நாயகன் தலையில் உடைகிற பாட்டில்கள் ஒரு காலத்தில் சர்க்கரையால் செய்தவை என்பது தெரியுமா?

ஆனால் மிட்டாய் போடுபவரிடம் வெப்பமானியெல்லாம் கிடையாது! கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். கரைந்தால் பதம் வரவில்லை. உருண்டு திரண்டால் எடுத்துத் தட்டில் போடுவார். 'டங்'கென்று சத்தம் வந்ததா? அவ்வளவுதான், தேங்காய்த் துருவலைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் உருட்ட வராது! மழைக்காலத்தில் கமர்கட் ஏன் ஒட்டிக்கொள்கிறது? இந்தக் கண்ணாடி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். பாட்டிலை இறுக்கி மூடி வைத்தது கடைக்காரரின் கஞ்சத்தனத்தால் அல்ல!

பூ மேலே, காய் கீழே!

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு எப்போது கிடைத்தது தெரியுமா? 2020 ஏப்ரல் 30. ஊரே அடங்கிக் கிடந்த கொரோனா ஊரடங்கில்! அதற்கு முன்பே 2019-இல் பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வாங்கிவிட்டன. 2023-இல் மணப்பாறை முறுக்கு, ஊட்டி வர்க்கி, சேலம் ஜவ்வரிசி என்று வரிசை கட்டி வந்தன.

கோவில்பட்டி மிட்டாயின் ரகசியம் என்ன என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் இரண்டைச் சொல்வார்கள்: கரிசல் மண்ணில் விளைந்த கடலை, தாமிரபரணித் தண்ணீர்! இருக்கட்டும். அந்தக் கடலையின் சொந்த ஊர் எது? தென் அமெரிக்கா! அதைவிட அதிசயம், செடிக்கு மேலே மஞ்சளாகப் பூப்பது கருவுற்றதும் ஊசிபோல் ஒரு காம்பை நீட்டி, தானே மண்ணைத் துளைத்து உள்ளே போய்க் காய்க்கிறது!

கொடுக்காப்புளி நம்முடையது இல்லையா?

இல்லை! அந்தச் சுருள் சுருளான காயின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். முள்ளில் கை கிழித்துப் பறித்தோமே, அது பசிபிக் கடலைத் தாண்டி வந்த மரம்! ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளிக் கிழங்கும் தென் அமெரிக்காதான். முறுக்கில் உறைக்கிற மிளகாய்? அதுவும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்ததே!

தூத்துக்குடி மக்ரூனைச் சொல்லாமல் விட முடியுமா? போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போன பலகாரம் என்றுதான் அந்த ஊரில் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வது. இங்கே பாதாமுக்குப் பதில் முந்திரி! அந்த முந்திரி மரத்தையும் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நட்டவர்கள் போர்ச்சுகீசியர்களே! மொத்தம் மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் நிதானமாகக் காயவைக்கிறார்கள். நாக்கில் வைத்தால் காணாமல் போகிறது!

பஞ்சு மிட்டாய் இயந்திரம் கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர்!

சத்தியமாக! 1897-இல் அமெரிக்காவின் வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவர், மிட்டாய்க்காரர் ஜான் வார்ட்டனுடன் சேர்ந்து உருவாக்கினார். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் எத்தனை பெட்டி விற்றது தெரியுமா? 68,655! ஒரு பெட்டி 25 சென்ட். கண்காட்சி நுழைவுக் கட்டணமே 50 சென்ட்தான்! தொழிலுக்கு ஆள் சேர்க்க இதைவிட நல்ல வழி பல் டாக்டருக்கு ஏது?

அந்த ரோஸ் கலர்? அங்கேதான் வில்லங்கம். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருப்பது சோதனையில் தெரியவர, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை போட்டது. புதுச்சேரி அதற்கும் முன்பே! இந்த ஏக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி.

16,384 இழைகள்!

சோன் பப்டி நூல் நூலாக வருவது எப்படி? பாகு வளையத்தை மாவில் புரட்டி இழுத்து, எட்டு வடிவில் முறுக்கி, இரண்டாக மடிக்கிறார்கள். மறுபடி இழுத்து, மறுபடி மடிப்பு. ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிப்பு! 10 மடிப்பில் 1,024. இன்னும் நாலே மடிப்பு போட்டால்? 16,384! ராத்திரி மணியடித்துக்கொண்டு வந்த வண்டிக்காரர் பத்து காசுக்கு எத்தனை ஆயிரம் இழை கொடுத்தார் பாருங்கள்!

வாட்ச் வேணுமா, தேள் வேணுமா?

ஜவ்வு மிட்டாய்க்காரரின் மூங்கில் கழி ஞாபகம் இருக்கிறதா? உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை, கயிற்றை இழுத்தால் கை தட்டும்! கழியில் சுற்றியிருக்கும் ரோஸும் வெள்ளையுமான மிட்டாயை ஒரு இழு இழுத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து, மணிக்கட்டில் ஒரு சுற்று. வாட்ச் தயார்! கன்னத்தில் ஒட்ட ஒரு துணுக்கு இலவசம்! அதில் ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது. பாகை இழுக்க இழுக்க உள்ளே காற்றுக் குமிழிகள் புகுந்து, ஒளியைச் சிதறடிக்கும். கண்ணாடி மாதிரி தெரிந்த பாகு பட்டுப்போல மினுங்குவது அதனால்தான்!

ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது!

பழனி பஞ்சாமிர்தத்தில்தான்! மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலம். பழத்தின் ஈரம் மட்டுமே.

காபி பைட் யாருடையது?

பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த பாரி நிறுவனத்தின் மிட்டாய்ப் பிரிவு 2004-இல் யார் கைக்குப் போனது? லோட்டே! கொரியக் குழுமம்! காபியும் டாஃபியும் சண்டை போட்ட அந்த விளம்பரத்து மிட்டாயின் முதலாளி இன்று வெளிநாட்டுக்காரர்.

சதுரக் காசு எங்கே?

மிட்டாய்க்குக் கொடுத்த 5 காசு சதுரம், 10 காசு பூப்போல விளிம்பு, 20 காசு அறுகோணம். எல்லாமே அலுமினியம்! 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. ஆக, மிட்டாய் கிடைத்தாலும் அந்த விலைக்கு வாங்கச் சட்டப்படியே வழியில்லை!

சரி, இப்போது எங்கே கிடைக்கும்?

'நைன்டீஸ் கிட்ஸ் மிட்டாய்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதுவா? கடலை மிட்டாயும் கமர்கட்டும் அதில் வாங்கலாம், தாங்கும். தேன் மிட்டாயை மட்டும் வாங்கிவிடாதீர்கள்! கூரியரில் நாலு நாள் கிடந்தால் உள்ளே இருக்கும் பாகு பூத்துச் சீனியாகிவிடும், அப்புறம் எங்கே பீச்சியடிப்பது? கோயில் தேரோட்டத் தெருவுக்கும் வாரச்சந்தைக்கும் போங்கள். அடுப்பு எரிகிற கடையாகப் பார்த்து நில்லுங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்!