கடல் கடந்து தலைநகர்: அகத்தி ஓடுபாதை யாருக்காக நீள வேண்டும்?

புதுதில்லி: தலைநகர் ஒரு தீவில்; அதற்கான விமான நிலையம் வேறொரு தீவில்; இடையே கடல். நாட்டின் மிகச் சிறிய யூனியன் பிரதேசமான லட்சத்தீவின் நிலை இதுதான்.

கோழிக்கோட்டில் இயங்கி வந்த நிர்வாகத் தலைமையிடம் 1964-ல் கவரத்தித் தீவுக்கு மாற்றப்பட்டது. ஆனால், கவரத்தியில் விமானம் இறங்க இடமில்லை. கொச்சியிலிருந்து விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம் பயணித்து அகத்தித் தீவில் இறங்க வேண்டும். அங்கிருந்து 50 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தைக் கப்பல், படகு அல்லது ஹெலிகாப்டரில் கடந்தால்தான் தலைநகரை அடைய முடியும்.

1988-ல் திறக்கப்பட்ட அகத்தி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர் நீளமே உடையது. கொச்சி ஓடுபாதையின் நீளம் 3,400 மீட்டர். டோர்னியர் ரகச் சிறு விமானங்களை மனதில் கொண்டு அமைக்கப்பட்ட இப்பாதையில் இன்று ஏடிஆர் ரக விமானங்கள் இறங்குகின்றன. ஆயினும், பாதை குறுகியது என்பதால் அவை முழுச் சுமையுடன் பறக்க இயலாது. பெரிய ஜெட் விமானங்களுக்கு இங்கு வழியே இல்லை.

உயிர் காக்கும் பாதை

2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவின் மக்கள்தொகை 64,473. உயர் சிகிச்சைக்கு இவர்கள் கொச்சியையே நம்பியுள்ளனர். கப்பலில் சென்றால் 14 மணி நேரத்துக்கும் மேலாகும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை. எனவேதான், நோயாளிகளை ஹெலிகாப்டரில் அனுப்ப நால்வர் குழுவின் ஒப்புதல் தேவை என 2021-ல் நிர்வாகம் பிறப்பித்த உத்தரவு தீவுகளில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது.

லட்சத்தீவுக்குச் சட்டப்பேரவை இல்லை. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகியின் கையில்தான் ஆட்சி. 543 பேர் கொண்ட மக்களவையில் ஒரேயொரு உறுப்பினரே தீவுகளின் குரல். 1967 முதல் தொடர்ந்து 10 முறை வென்ற பி.எம். சயீத், 2004-ல் வெறும் 71 வாக்குகளில் தோற்ற தொகுதி இது. மக்கள் தீர்ப்பு அத்தனை கூர்மையானது. ஆனால், அந்த ஒற்றைக் குரலுக்கு தில்லியில் உள்ள வலிமை எவ்வளவு?

பவளப்பாறைக்கு ஆபத்து

2024 ஜனவரியில் பிரதமர் மோடி தீவுகளுக்கு வந்து சென்ற பிறகு, சுற்றுலாப் பயணிகளின் பார்வை லட்சத்தீவின் பக்கம் திரும்பியது. விமான நிலைய விரிவாக்கம், மினிக்காயில் புதிய விமான நிலையம் ஆகியவை குறித்த பேச்சும் வலுத்தது.

ஆனால், அகத்தி ஒரு நீண்ட, ஒல்லியான தீவு. ஓடுபாதை அதன் தென்முனையில், இருபுறமும் கடல் சூழ அமைந்துள்ளது. அதைப் பெரிதும் நீட்டுவதென்றால் பவளப்பாறைகள் சூழ்ந்த ஆழமற்ற கடலுக்குள்தான் செல்ல வேண்டும். அலைகளின் வேகத்தைத் தணித்துத் தீவைக் காப்பவை இப்பாறைகளே. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் வெளிறிப் பாதிப்புக்குள்ளானவையும் இவையே.

ஓடுபாதை வேண்டாம் என்பதல்ல வாதம். அது சுற்றுலாப் பயணிகளுக்காக நீளுமா, கொச்சி மருத்துவமனைக்கு விரையும் நோயாளிக்காக நீளுமா என்பதே கேள்வி. நோயாளிக்காக எனில் கூடுதல் ஹெலிகாப்டர்களும், தீவுகளிலேயே நிபுணர்களுடன் கூடிய மருத்துவமனைகளும் கடலைத் தூர்க்காமலேயே பெருமளவு பயன் தரும். திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும் முன், இதற்கான பதிலை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்த வேண்டும்.