கருப்புப் புலி உண்மையில் கருப்பா?

ஒடிசா மாநிலத்தில் சிமிலிபால் என்று ஒரு பெரிய காடு இருக்கிறது. அங்கே கருப்புப் புலிகள் திரிகின்றன. உடனே தலை முதல் வால் வரை முழுக் கருப்பாக ஒரு புலியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் (போகவேண்டாம், படத்திலேயே பாருங்கள்!) நடுநடுவே ஆரஞ்சு நிறம் தெரியும். ஈரத் தாளில் இழுத்த மைக்கோடு பரவுவதைப் போல, அதன் கருப்பு வரிகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. அவ்வளவுதான்!

வரிகள் ஏன் அகன்றன? பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணனும் அவரது குழுவினரும் 2021இல் விடை சொன்னார்கள். 'டாக்பெப்' என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. உடம்பில் வரி எங்கே வரவேண்டும், எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பதில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. சில வீட்டுப் பூனைகளின் வரிகள் கலைந்து சுழல் சுழலாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இதே மரபணுவின் வேலைதான்.

வெள்ளைப் புலியின் கதை வேறு. அதற்கு வரிகள் ஒழுங்காகவே இருக்கும். ஆரஞ்சு நிறம்தான் காணாமல் போயிருக்கும். 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழிவந்தவைதான் இன்று உயிரியல் பூங்காக்களில் உள்ள பெரும்பாலான வெள்ளைப் புலிகள்.

சிமிலிபாலுக்கே திரும்புவோம். மாறிய மரபணு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கருப்பாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அது சாதாரணப் புலியாகவே இருக்கும். அப்படியானால் கருப்புப் புலி மிக மிக அரிதாகத்தானே பிறக்கவேண்டும்? ஆனால் சிமிலிபாலில் மூன்றில் ஒரு புலிக்கு மேல் கருப்பு!

காரணம், அங்குள்ள புலிகள் மிகக் குறைவு. மற்ற புலிக்காடுகள் வெகு தொலைவில் இருப்பதால் வெளியிலிருந்து புதுப் புலி வருவதில்லை. சொந்தக்காரப் புலிகளே சேர்ந்து குட்டி போடும்போது, மாறிய மரபணு இரண்டு பக்கமும் அகப்பட்டுவிடுகிறது. நிறம் மாறினால் பரவாயில்லை. ஆனால் இதே வழியில் நோயைத் தரும் மரபணுக்களும் சேர்ந்துவிடக்கூடும். பார்க்க அழகாக இருந்தாலும், எனக்கென்னவோ இது ஓர் எச்சரிக்கை மணியாகத்தான் படுகிறது.

வனத்துறையும் சும்மா இருக்கவில்லை. சொந்தமில்லாத புதுப் புலிகள் சேரட்டும் என்று, 2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மகாராஷ்டிராவின் தடோபா காட்டிலிருந்து ஜமுனா, ஜீனத் என்று இரண்டு பெண்புலிகளைச் சிமிலிபாலில் கொண்டுவந்து விட்டார்கள். ஜீனத்துக்குப் புது இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஜார்க்கண்டைத் தாண்டி மேற்கு வங்கம் வரை நடந்துவிட்டது! டிசம்பர் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மறுபடியும் சிமிலிபாலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.