குண்டாஸ் போட்ட பிறகு

ஓசூர் கோர்ட்டில் என்னைத் தேடி வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள்: “மேடம், ஜாமீன் கெடச்சும் ஏன் சேலம் ஜெயில்லயே வச்சிருக்காங்க?”

செய்த குற்றத்துக்கான காவல் வேறு. இனிமேல் செய்துவிடுவார் என்று அஞ்சி வைக்கும் தடுப்புக்காவல் வேறு. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது குண்டாஸ், இரண்டாவது வகை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எஸ்.பி. பரிந்துரைப்பார், கலெக்டர் கையெழுத்திடுவார். அதிகபட்சம் 12 மாதம். ஜூஜூவாடி வழியாகக் கர்நாடகச் சாராயப் பாக்கெட் கடத்துபவர்மீதும் இது பாயும், கத்தியோடு தெருவை மிரட்டுபவர்மீதும் பாயும். பின்னவரை ஊர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சாட்சி சொன்னவர் வீட்டில் இரவில் தூக்கம் இருக்காது.

ஆனால் நீதிபதிகள் பார்ப்பது ஆள் உள்ளே போன பிறகுதான். காரணங்களை 5 நாளுக்குள் அவருக்குத் தர வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் கோப்பு நீதிபதிகள் அடங்கிய அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும்; காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது.

அடுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அங்கே வாதம் அநேகமாகக் காகிதத்தைப் பற்றித்தான். படிக்க முடியாத ஜெராக்ஸ், பதில் தராமல் கிடந்த மனு, இப்படி எதிலும் உத்தரவு உடையும். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் இந்த எல்லையில், தமிழ் படிக்கத் தெரியாதவரிடம் காரணங்களைத் தமிழில் மட்டும் நீட்டினாலும் உடையும். 2011இல் ரேகா வழக்கில், காலாவதி மருந்து விற்றதாகப் பிடிபட்டவரின் காவலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதாரணச் சட்டமே போதுமென்றால் தடுப்புக்காவல் கூடாது என்றது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2003 முதல் வேறு வழி. தண்டனை முடிந்தும் வெளியே விட முடியாத பாலியல் குற்றவாளியை அடைத்து வைக்க நீதிமன்றமே உத்தரவிட வேண்டும். மனநல மருத்துவர் அறிக்கையோடு அதே நீதிமன்றம் திரும்பத் திரும்பப் பார்க்கும். ஆபத்து இன்னும் இருப்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று இங்கே யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. அறிவுரைக் கழகம் ஒருமுறை தலையாட்டினால் மீதி மாதங்களுக்குக் கட்டாய மறுஆய்வு கிடையாது. ஆறாம் மாதத்திலாவது ஒன்று வேண்டும் என்பேன். நிஜமாகவே ஆபத்தான ஆள் மங்கலான ஜெராக்ஸால் வெளியே வருவதும், திருந்தியவர் உள்ளேயே கிடப்பதும் அப்போது குறையும்.

அதுவரை குடும்பத்தார் செய்ய வேண்டியது: காரணங்கள் அடங்கிய காகிதக் கட்டு கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு பக்கமும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கலெக்டருக்கும் அரசுக்கும் மனு எழுதி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.